நூற்றுக்கு ஐம்பது

ஐந்து மார்க் வேண்டும். ஐந்தே ஐந்து. மின்வாரியத்தில் முப்பத்துநாலு வருசம் குப்பை கொட்டியவன் நான். போர்மேன் சென்னியப்பன் ஜீப்பில் வருகிறான் என்றால் கம்பத்தின் உச்சியில் இருக்கிறவன்கூட பீடியை அணைத்துவிடுவான். அந்த நான் இப்போது பக்கவாதம் வந்து சக்கர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, என் மகளைவிடச் சின்னவளான ஒரு பெண் பேனா மூடியைத் திறப்பதைப் பார்த்துப் பயந்துகொண்டிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில்கூட நான் மார்க்குக்குப் பயந்தது கிடையாது. இந்தப் பெண் பெயர் பெனிட்டா, நாகர்கோவில் பக்கம். கையைப் பழக்குகிற தெரப்பிஸ்ட். நல்ல பெண்தான், நல்லவர்களிடம்தான் பயப்பட வேண்டியிருக்கிறது, கெட்டவனாக இருந்தால் ஏதாவது கொடுத்துச் சரிக்கட்டலாம். அவள் மடியில் அந்தத் தாள். பத்து கேள்வி, மொத்தம் நூறு மார்க். தானாகச் சாப்பிடுகிறானா, தானாகக் குளிக்கிறானா, ஒன்றுக்கு ரெண்டுக்குச் சொல்லிப் போகிறானா. ஒரு மனுசனை நூறாகப் பிரித்தால் அதில் பேச்சுக்கு மார்க் இல்லை, யோசனைக்கு மார்க் இல்லை, கோபத்துக்கு மார்க் இல்லை, கழுவிக்கொள்வதற்குப் பத்து. நாலு வாரத்துக்கு முன்னால் எனக்கு நாற்பது போட்டாள். இன்றைக்கு ஐம்பத்தைந்து வந்தால் இங்கேயே இன்னும் நாலு வாரம் வைத்துப் பயிற்சி கொடுப்பார்கள். வராவிட்டால் சனிக்கிழமை வீட்டுக்கு. கட்டிலுக்கு ஆள் காத்திருக்கிறது, முன்னேறுகிறவனுக்குத்தான் இடம், இது இந்த ஆஸ்பத்திரியின் சட்டம். காலையில் கீழ்த் தளத்தில் எழுந்து நிற்பது, உட்காருவது எல்லாம் பார்த்துப் பத்து மார்க் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். ஐம்பது ஆகிவிட்டது. இந்த அறையில் பாக்கி நாலே கேள்வி. சாப்பாடு, முகம் கழுவுவது, உடுப்பு, குளியல். நாலில் ஒன்றில் போன தடவையைவிட ஐந்து ஏறினால் போதும். போன செவ்வாய்க்கிழமை என் வலது கட்டைவிரல் அசைந்தது. நான் பார்த்தேன். இன்னும் நாலு வாரம் கிடைத்தால் இந்தக் கை திறக்கும். வீட்டுக்குப் போனால் இப்படியே மடங்கிக் காய்ந்துபோகும், அது எனக்குத் தெரியும், வேறு எது தெரியாவிட்டாலும் அது தெரியும்.

"சார், ஆரம்பிக்கலாமா?" என்கிறாள். ஆமாம் என்று சொல்ல நினைக்கிறேன். "இல்ல" என்று வருகிறது. இதுதான் என் பிழைப்பு இப்போது. உள்ளே வார்த்தைகள் வரிசையாக நிற்கின்றன, சம்பள நாளில் கவுன்ட்டர் முன்னால் நிற்பதுபோல, ஆனால் கவுன்ட்டரில் ஆள் இல்லை. ஆமாம் என்பதற்கு இல்ல, இல்லை என்பதற்கு ஆமா, சில நாள் மாறாமலே வந்து தொலைக்கும், அதனால் எதையும் நம்ப முடியாது. பெனிட்டாவுக்கு இது பழகிவிட்டது. சிரித்துக்கொண்டு என் பின்னால் பார்க்கிறாள். பின்னால் சம்பூர்ணம் நிற்கிறாள், என் மனைவி. அவள்தான் எனக்கு வாய். ஆறு வாரமாக எனக்கு வேண்டியது வேண்டாததை எல்லாம் அவள்தான் சொல்கிறாள். முப்பத்தாறு வருசம் நான் பேச அவள் கேட்டாள், இப்போது அவள் பேச நான் கேட்கிறேன், கடவுளுக்கு இந்த மாதிரி விளையாட்டெல்லாம் ரொம்பப் பிடிக்கும்போல. மேசையில் ஒரு தட்டில் உப்புமா, பக்கத்தில் தடித்த பிடி போட்ட ஸ்பூன். எதிர்ச் சுவரில் பலகை மாட்டியிருக்கிறார்கள், அதில் தாழ்ப்பாள், குழாய், பூட்டு, பொத்தான், ஒரு மின்சார சுவிட்ச். சுவிட்ச்! முதல் நாள் இந்தப் பெண் என்னிடம் அதைக் காட்டி, "இதப் போட்டு அணைங்க பாப்போம்" என்றாள். பதினோராயிரம் வோல்ட்டை அணைத்துப் போட்டவனிடம். அன்றைக்கு விரல் அதில் நிற்கவே இல்லை. வழுக்கி வழுக்கிப் போனது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், சறுக்கின ஆனையிடம் யாரும் சுவிட்சைப் போடச் சொல்ல மாட்டார்கள்.

ஸ்பூனை எடுக்கிறேன். இடது கையால். பீச்சக்கை. இந்தக் கையால் தின்பதா என்று முதல் மாதம் முழுக்க வாயைத் திறக்க மாட்டேன் என்று மூடிக்கொண்டேன். எங்கள் வீட்டில் ஒரு சொம்புத் தண்ணீரைக்கூட இந்தக் கையால் யாருக்கும் நீட்டினது கிடையாது, நீட்டினால் அப்பன் விரல் முட்டியிலேயே அடிப்பார். இன்றைக்கு எடுக்கிறேன். ஐந்து மார்க்குக்கு எடுக்கிறேன், என் மானத்தின் விலை ஐந்து மார்க். உப்புமா ஸ்பூனில் ஏறுகிறது, பாதி தட்டுக்கே திரும்புகிறது, மீதி உதட்டைத் தாண்டி உள்ளே போகிறது. கடுகு ஒன்று தாடையில் ஒட்டிக்கொண்டது தெரிகிறது. பின்னாலிருந்து முந்தானை வருகிறது துடைக்க. "அம்மா, விடுங்க, அவரே துடைச்சுக்கட்டும்" என்கிறாள் பெனிட்டா. முந்தானை போய்விடுகிறது. நானே துடைக்கிறேன். ரெண்டாவது வாய். மூன்றாவது வாய். மூன்றில் பாதிக்கு மேல் சிந்தவில்லை, பார்த்தாயா, எழுது. ஆனால் அவள் எழுதவில்லை. தலையைத் தூக்கி, "ரொம்ப நல்லா பண்றீங்க சார்" என்றுவிட்டு சம்பூர்ணத்தைக் கேட்கிறாள். "வார்டுல எப்படிம்மா? தினமும் இப்படித்தான் அவரே சாப்பிடறாரா?" சம்பூர்ணத்தின் குரல் பெருமையாக வருகிறது, கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிறவள் குரல். "அதெப்படீங் அம்முணி, நான் இருக்கீல அவரை உட்டுருவனுங்களா? மூணு வேளையும் நாந்தானுங்க ஊட்டி உடறேன். ஒரு பருக்கை மேல உழுவாது." பெனிட்டா எழுதுகிறாள். போன தடவை போட்ட அதே ஐந்து. பத்து இல்லை.

அந்தத் தாளின் சூட்சுமம் அதுதான், எனக்குப் போன தடவையே தெரிந்திருக்க வேண்டும். செய்ய முடியுமா என்று அது கேட்கவில்லை. செய்கிறாயா என்று கேட்கிறது. இந்த அறையில் ஆயிரம் வித்தை காட்டலாம், மார்க் அதற்கு இல்லை, தினசரி யார் செய்கிறார்கள் என்பதற்குத்தான். வார்டில் இது எந்தப் பொண்டாட்டிக்கும் ஏறவில்லை. டாக்டரோ தெரப்பிஸ்டோ வந்து கேட்டால் போதும், ஒருத்தியை ஒருத்தி மிஞ்சிக்கொண்டு சொல்லுவார்கள். நாந்தான் குளிப்பாட்டறேன், நாந்தான் பல்லு விளக்கி உடறேன், ராவெல்லாம் கண்ணே மூடறதில்லீங்க. சொல்லாவிட்டால் புருசனைப் பார்த்துக்கொள்ளாதவள் என்று பேர் வந்துவிடும். ஒவ்வொரு பெருமைக்கும் ஐந்து மார்க் போகிறது, பேர் இவளுக்கு, மார்க் எனக்கு. பதினோராம் கட்டில் துணிக்கடைக்காரன் பொண்டாட்டி மட்டும் வேறு தினுசு. தட்டை வைத்துவிட்டு ஜன்னலோரம் போய்ப் போனில் பேசிக்கொண்டிருப்பாள், அவன் சட்டையை வைத்துக்கொண்டு கால் மணி நேரம் போராடுவான். கல்நெஞ்சக்காரி என்று வார்டே திட்டியது. சம்பூர்ணமும் திட்டினாள். நானும் மனசுக்குள் திட்டினேன், திட்டிவிட்டு அவனைப் பார்த்து இளக்காரமாக உதட்டைக் கோணினேன், கோணல் உதட்டை இன்னும் கோணினால் எப்படித் தெரியும் என்பது வேறு விசயம். அவன் எழுபது மார்க் வாங்கிக்கொண்டு கைத்தடியோடு வீட்டுக்கு நடந்து போனான். நான் நிமிர்ந்து உட்கார்ந்து சம்பூர்ணம் ஊட்டியதைத் தின்றேன். ஏன் ஊட்ட விட்டேன்? முடியாமலா? முடியும், ரெண்டு வாரமாக முடியும். இந்த அறையில் செய்ததை அந்த வார்டில் நான் செய்யவில்லை. வாயைத் திறந்தால் இட்லி வரும், தாடையைத் தூக்கினால் துண்டு வரும். வாய்க்குப் பேச்சு போனபிறகு எனக்கு மிச்சமிருந்த ஒரே உத்தரவு அதுதான். தாடையைத் தூக்கினால் ஒருத்தி ஓடி வருகிறாள் என்றால் நான் இன்னும் போர்மேன்தானே. இப்படியெல்லாம் யோசிக்கிறவனுக்கு எத்தனை மார்க் போடலாம், அந்தத் தாளில் அதற்குக் கட்டம் இருக்கிறதா.

"முகம் கழுவறது, ஷேவிங்?" இதற்கு என்னைச் செய்து காட்டக்கூட விடவில்லை சம்பூர்ணம். "நாந்தானுங்க. ரெண்டு நாளைக்கு ஒருக்கா சவரம். பாருங் கன்னத்தை, ஒரு கீறல் இருக்குதுங்களா?" இல்லை, கீறல் இல்லை. அவள் என் கன்னத்தைப் பிடித்துத் திருப்பி பெனிட்டாவுக்குக் காட்டுகிறாள், சந்தையில் மாட்டுக்குப் பல்லைக் காட்டுகிற மாதிரி. "ஆமா" என்று கத்துகிறேன். இல்லை, நானே செய்வேன், போன வியாழக்கிழமை இந்தக் கண்ணாடி முன்னால் நானே செய்தேன், இந்தப் பெண்ணே கை தட்டினாள், அதைச் சொல்லு. "ஆமா! ஆமா!" சம்பூர்ணம் என் தோளைத் தட்டுகிறாள். "பாத்தீங்ளா, அவரே சொல்றாரு." ஊமை கண்ட கனவு என்பார்கள். கனவு கண்டாலாவது பரவாயில்லை, நான் வழக்கு நடத்திக்கொண்டிருக்கிறேன், எதிர்க்கட்சி வக்கீலே எனக்கும் வக்கீல். அங்கே சைபர்.

ஆனால் இவள் தெரியாமல்தான் சொல்கிறாளா. இந்த யோசனை வந்ததும் நாற்காலி சில்லிட்டுப் போகிறது. சம்பூர்ணம் முட்டாள் கிடையாது. நான் அவளை முட்டாள் என்று கூப்பிட்டிருக்கிறேன், அது வேறு, கூப்பிடுவதற்கும் இருப்பதற்கும் சம்பந்தம் இல்லை. பால்காரன் கணக்கில் அரை லிட்டர் இடித்தால் மூன்று மாசம் கழித்தும் சொல்லுவாள். நாலு வாரத்துக்கு முன்னால் இந்தப் பெண் இதே கேள்விகளைக் கேட்டு நாற்பது போட்டபோது இவள் பக்கத்தில்தானே நின்றாள். ஐம்பத்தைந்து என்றதும் கேட்டுக்கொண்டுதானே நின்றாள். தெரிந்தே சொல்கிறாளா? அன்றைக்கும் தெரிந்தேதான் வரவில்லையா? இதோ, சுற்றிச் சுற்றி அங்கேதான் வருகிறேன். செக்கு மாடு. அன்றைக்குக் காலை ஆறு பத்து. குளியலறையில் சொம்பை எடுக்கப் போனேன், கை சொம்பைத் தாண்டிப் போனது, பிறகு தரை கன்னத்தில் பட்டது. ஈரத் தரை. கூப்பிட்டேன். அப்போது என்ன வந்தது வாயில், பேரா, ஏய் என்றா, தெரியவில்லை, பேர் சொல்லி நான் அவளைக் கூப்பிட்டதில்லை, சத்தம் ஒன்று வந்தது, அது நிச்சயம். பின்கட்டில் அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். சபீனா போட்டுத் தேய்க்கிற அந்தச் சரசர சத்தம் எனக்குக் கேட்டது. நான் கூப்பிட்டதும் அது நின்றது. நின்றது என்று சத்தியம் செய்வேன். நின்றுவிட்டு, மறுபடி ஆரம்பித்தது. ரேடியோவில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது, செய்தி முழுக்க முடிந்து விளம்பரம் வந்து அதன் பிறகுதான் அவள் வந்தாள். கதவைத் தள்ளிப் பார்த்து அய்யோ என்று அலறினாள், அந்த அலறல் பொய் இல்லை, அடித்துக்கொண்டு அழுதாள், ஆம்புலன்சில் என் தலையை மடியில் வைத்திருந்தாள். ஆனால் சத்தம் நின்றது. ஏன் நின்றது, ஏன் மறுபடி ஆரம்பித்தது. தினமும் குளியலறைக்குள் நின்றுகொண்டு நான் கூப்பிடுவது வழக்கம், துண்டு, சோப்பு, வெந்நீர் பத்தவில்லை, முதுகு தேய், காலையில் நாலு தடவை கூப்பிடுவேன். ரெண்டாவது தடவைக்குத்தான் அவள் வருவாள், அதுவும் வழக்கம். அன்றைக்கு ரெண்டாவது தடவை கூப்பிட எனக்கு வாய் இல்லை. அவ்வளவுதான் விசயம். அவ்வளவுதானா? கேட்கலாம் என்றால் எதைக் கொண்டு கேட்பது. கேட்டால் ஆமா என்று வரும், இல்ல என்று வரும்.

"சார், சட்டை போட்டுக் காட்டுங்க" என்று பெனிட்டா ஒரு சட்டையை என் மடியில் வைக்கிறாள். நீலச் சட்டை, என்னுடையதுதான். முடியாத கையை முதலில் நுழைக்க வேண்டும், அதுதான் பாடம். முடியாத கைதான் முதலாளி, அதற்கு உடுத்திவிட்டுத்தான் நல்ல கைக்கு உடுத்த வேண்டும். மடங்கிக் கிடக்கிற கையைப் பிடித்துக் குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்குத் தள்ளுகிற மாதிரி சட்டைக் கைக்குள் தள்ளுகிறேன். முதுகுக்குப் பின்னால் சட்டை எங்கேயோ போய்விட்டது. தேடுகிறேன். காலர் கிடைக்கிறது. இழுக்கிறேன். இடது கை உள்ளே போகிறது. பின்னால் அவள் மூச்சு கேட்கிறது, சட்டையைச் சரி பண்ண அவள் விரல்கள் பரபரப்பது பார்க்காமலே எனக்குத் தெரியும். பொத்தான். ஒரு கையால் பொத்தான் போடுவது எப்படி என்று யாராவது என்னிடம் ஆறு மாதத்துக்கு முன்னால் கேட்டிருந்தால், பொண்டாட்டியைக் கூப்பிடு என்று சொல்லியிருப்பேன். ஒன்று. ரெண்டு. மூன்றாவது நழுவுகிறது. நெற்றியில் வேர்வை. கம்பத்தில் ஏறி இடுப்புக் கயிற்றில் தொங்கிக்கொண்டு மழையில் இன்சுலேட்டர் மாற்றியபோது இப்படி வேர்த்ததில்லை. மூன்று. நாலு. அஞ்சு. நிமிர்கிறேன். பெனிட்டாவின் கண்ணில் சந்தோசம் தெரிகிறது, நிஜமான சந்தோசம், எனக்கு அழுகை முட்டுகிறது, இந்த வியாதி வந்தபிறகு அழுகை வேறு நினைத்த நேரத்துக்கு வந்து நிற்கிறது. "எட்டு நிமிஷம் சார். போன வாரம் பன்னெண்டு." பிறகு அதே கேள்வி. அவள் கேட்காமல் இருக்கக் கூடாதா. "வார்டுல?" சம்பூர்ணம் சொல்கிறாள், "காலைல பெரிய டாக்டரு வர்ற நேரம் அம்முணி. ஒரு பட்டனுக்கு ரெண்டு நிமிசம் ஆக்குனா ஆகுமுங்களா? நான் ரெண்டே இழுப்புல போட்டு உட்டுருவனுங்க." எட்டு நிமிடத்து வேர்வை ரெண்டு இழுப்பில் போனது. அதே ஐந்து.

இப்போது பெனிட்டா பேனாவைக் கீழே வைக்கிறாள். ஜன்னலைப் பார்க்கிறாள், கதவைப் பார்க்கிறாள், பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அம்மா, கொஞ்சம் உக்காருங்க" என்கிறாள். சம்பூர்ணம் என் முன்னால் வந்து ஸ்டூலில் உட்காருகிறாள். ஆறு வாரம் வார்டுத் தரையில் படுத்து எழுந்த உடம்பு, உட்காரும்போது இடுப்பில் கை கொடுத்துக்கொண்டுதான் உட்காருகிறாள். "நான் இப்படிச் சொல்லக் கூடாது. ஆனா சொல்றேன். நீங்க எல்லாமே நானே செய்றேன்னு சொன்னா அவருக்கு மார்க் ஏறாதும்மா. இப்ப அம்பதுல நிக்குது. அம்பத்தஞ்சு வந்தா இன்னும் நாலு வாரம் வெச்சுப் பாக்கலாம். கை வர்ற நேரம் இது. குளிக்கறதாவது, மூஞ்சி கழுவறதாவது, ஒண்ணு, ஒரு வாரமா அவரே பண்ணிக்கறாருன்னு இருந்தா..." வாக்கியத்தை முடிக்காமல் விட்டுவிடுகிறாள். பொய் சொல்லச் சொல்லவில்லை, கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துவிட்டுத் தள்ளி நிற்கிறாள். மகராசி. உன் வயிற்றில் பிறக்கிற பிள்ளை கலெக்டராகட்டும். ஒரு வார்த்தை சம்பூர்ணம். ஆமாங்க, அவரே மூஞ்சி கழுவிக்கிறாருங்க, அவ்வளவுதான். முப்பத்தாறு வருசத்தில் உன்னிடம் நான் எதையும் கேட்டதில்லை, சொல்லித்தான் பழக்கம், இப்போது கேட்கிறேன், கண்ணால் கேட்கிறேன், இந்தக் கண் ஒன்றுதான் கோணாமல் இருக்கிறது, பாரு. அவள் பார்க்கிறாள். என் முகத்தை இத்தனை நேரம் அவள் நேராகப் பார்த்ததே இல்லை என்று தோன்றுகிறது, பார்க்க விட்டதில்லை நான். சவரம் செய்யும்போது கன்னத்தைப் பார்ப்பாள், ஊட்டும்போது வாயைப் பார்ப்பாள். இப்போது என்னைப் பார்க்கிறாள். அதில் கோபம் இருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும், கோபத்தை நான் சமாளிப்பேன். கோபம் இல்லை. ரொம்ப அசதி இருக்கிறது. "இல்லீங்க அம்முணி" என்கிறாள். "குளிக்கறதும் நாந்தான், மூஞ்சி கழுவறதும் நாந்தான். சீக்கு வந்தப்பறம் இல்லீங்க. நல்லா இருக்கீலயே அப்படித்தான். அப்பவும் இந்தச் சீட்டை எடுத்து எழுதியிருந்தா, நடை ஒண்ணுக்குத்தானுங்க கூட மார்க்கு வந்துருக்கும்."

பெனிட்டாவுக்குச் சிரிப்பதா என்னவென்று தெரியவில்லை. எனக்குச் சிரிப்பு வருகிறது, அது மூக்கு வழியாக ஒரு சத்தமாக வெளியே வருகிறது. சரியான கணக்குத்தான். கல்லு மாதிரி இருந்த காலத்தில் நான் எத்தனை வாங்கியிருப்பேன். துண்டு அவள், வெந்நீர் அவள், சட்டை இஸ்திரி போட்டுப் பொத்தானைக் கழற்றிக் கையில் நீட்டுவது அவள், செருப்பைத் திருப்பிப் போடுவது அவள், தட்டில் மீன் முள்ளை எடுத்து வைப்பது அவள். அப்போது இது வியாதி என்று எவனும் சொல்லவில்லை, குடுத்து வைத்தவன் என்று சொன்னார்கள். பெனிட்டா கடைசிக் கட்டத்தில் சைபர் போட்டு அடியில் ஐம்பது என்று எழுதி வட்டம் போடுகிறாள். வட்டத்தை ரெண்டு தடவை சுற்றுகிறாள். "சனிக்கிழமை டிஸ்சார்ஜ் போடுவாங்கம்மா. சாரி சார்." கட்டைவிரலைப் பார்க்கிறேன். அசை என்கிறேன். இப்போது அசைந்தால் ஏதாவது மாறுமா, மாறாது, இருந்தாலும் அசைந்து தொலை. அது என் பேச்சைக் கேட்கவில்லை. இன்றைக்கு எதுவும் என் பேச்சைக் கேட்கவில்லை.

"வீட்டுல ஒண்ணே ஒண்ணு முக்கியம்மா" என்று பெனிட்டா சொல்லிக்கொண்டிருக்கிறாள். "இனிமே நீங்க செய்யக் கூடாது. அவர்தான் செய்யணும். எவ்வளவு நேரம் ஆனாலும் சரி, சிந்தினாலும் சரி. பக்கத்துல இருங்க, கை வைக்காதீங்க. அவருக்கு அதான் மருந்து." சம்பூர்ணம் கேட்டுக்கொண்டே முந்தானை நுனியை விரலில் சுற்றுகிறாள், அவிழ்க்கிறாள். பிறகு, "நான் கை வெக்கக் கூடாதுங்ளா?" என்கிறாள். "கூடாதும்மா." "அவரு கூப்புட்டாலுமுங்களா?" "விழற மாதிரி இருந்தா பிடிங்க. மத்ததுக்குக் கூடாது." பிறகு சம்பூர்ணம், கடையில் நகைக்கு விலை கேட்கிறவள் மாதிரி மெதுவாக, "அதை ஒரு சீட்டுல எழுதிக் குடுங் அம்முணி" என்கிறாள். "எதம்மா?" "நான் ஒண்ணும் செய்யக் கூடாதுன்னு. ஆஸ்பத்திரி சீல் வெச்சு." பெனிட்டா, "சொன்னா போதாதா?" என்கிறாள். "வாயில சொன்னது எங்கூட்டுல செல்லாதுங்க" என்கிறாள் சம்பூர்ணம். என்னைப் பார்க்காமல்தான் சொல்கிறாள். பதினெட்டு வருசம் இருக்கும், அவளுக்குக் கர்ப்பப்பை எடுத்த சமயம். ஆறு வாரத்துக்குக் குடம் தூக்கக் கூடாது, குனிந்து வேலை செய்யக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னாளாம். பத்தாம் நாள் நான் வெந்நீர் கேட்டேன். டாக்டரம்மா சொன்னதைச் சொன்னாள். எங்கே எழுதியிருக்கு, காட்டு என்றேன். சீட்டில் மாத்திரை பேர்தான் இருந்தது, அதைக் கையில் வாங்கி முன்பக்கம் பின்பக்கம் திருப்பிப் பார்த்து, ஒண்ணும் எழுதலையே என்று திருப்பிக் கொடுத்தேன். வேடிக்கையாகத்தான் செய்தேன். அவள் அடுப்பில் அண்டாவை ஏற்றினாள், இறக்கினாள், நான் குளித்தேன். நல்ல சூடு. இதை நான் மறந்துவிட்டேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

பெனிட்டா ஆஸ்பத்திரித் தாளை எடுத்து எழுதுகிறாள். எழுதியதை வாசிக்கிறாள். நோயாளி தம் அன்றாட வேலைகளைத் தாமே செய்துகொள்ள வேண்டும், மனைவி உதவி செய்யக் கூடாது. டிராயரைத் திறந்து சீல் எடுத்து ஊதிக் குத்துகிறாள். சம்பூர்ணம் வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு எழுத்தாக விரலை நகர்த்திப் படிக்கிறாள். ரெண்டு தடவை படிக்கிறாள். "இதுக்கு ஜெராக்சு எங்கீங்க எடுப்பாங்க?" என்று கேட்கிறாள். கீழே கேன்டீன் பக்கத்தில் என்கிறாள் பெனிட்டா. நாலாக மடித்துப் பர்சில் வைத்து, பர்சை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு எழுந்து நிற்கிறாள். இடுப்பில் கை கொடுக்காமல் எழுந்தாள், அது எனக்கு உறைக்கிறது. என் நாற்காலியின் பின்பக்கம் வருவாள் என்று காத்திருக்கிறேன், ஆறு வாரமாக அப்படித்தான், நான் தாடையை லேசாகத் தூக்குவேன், நாற்காலி நகரும். தூக்குகிறேன். அவள் குனிந்து பிரேக்கை மட்டும் எடுத்துவிட்டு முன்னால் நடக்கிறாள். "ஆமா" என்கிறேன். "இல்ல" என்கிறேன். ரெண்டும் வருகிறது, ரெண்டும் எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. இடது கையைச் சக்கரத்தில் வைத்துத் தள்ளுகிறேன். ஒரு பக்கம் மட்டும் தள்ளினால் நாற்காலி போகாது, திரும்பும். அது திரும்பி, கதவை விட்டுவிட்டு என்னைச் சுவருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறது. வெள்ளைச் சுவர். பின்னால் பெனிட்டாவின் நாற்காலி நகரும் சத்தம் கேட்கிறது, உதவிக்கு எழுகிறாள்போல, பிறகு எழவில்லை. காலைத் தரையில் ஊன்றி, கையால் தள்ளி, கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிறேன். கதவருகே சம்பூர்ணம் நின்றுகொண்டிருக்கிறாள், ரெண்டு கையையும் கட்டிக்கொண்டு. "மெதுவா வாங்க" என்கிறாள். "எனக்கொண்ணும் அவசரமில்லீங்க."